மாவுக்கட்டைப் பிரித்ததும் கை ஏன் சூம்பிப் போயிருக்கிறது?

கேள்வி: நான் 52 வயதுப் பெண். வீட்டுக்குள் கால் தடுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நான்கு நாள் முன்புதான் பிரித்தார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றார். ஆனால் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. குச்சி மாதிரி மெலிந்திருக்கிறது, தோல் செதில் செதிலாக உரிகிறது, முடிகூட அதிகமாகத் தெரிகிறது. மணிக்கட்டை மடக்க முடியவில்லை. எலும்பு கூடிவிட்டதென்றால் கை ஏன் இப்படி இருக்கிறது? கட்டைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் கட்டு தப்பு என்று நினைக்க எதுவும் இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த கை ஏறக்குறைய இப்படித்தான் வெளியே வரும். பிரிக்கிற அன்றைக்கே இதை இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் உங்களுக்கு நான்கு நாள் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

தோலைப் பற்றிக் கவலையே வேண்டாம். தோலின் அடி அடுக்கில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, செத்து, ஒரு மாதம் போல் கழித்து உதிர்கின்றன. தினமும் குளிக்கும்போதும் துணி உரசும்போதும் உதிர்ந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. உங்கள் கையில் ஆறு வாரப் பாக்கி மொத்தமாக நிற்கிறது. நார் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அடியில் இருக்கும் தோல் மெல்லியது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து, மாய்ஸ்சரைசர் தடவுங்கள். முடியும் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

மெலிவுக்கு வருவோம். ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, உட்பக்கம் சதைப்பற்றான இடத்தை இடது கை விரல்களால் லேசாகத் தொட்டுக்கொண்டு, வலது கை விரல்களை மூடித் திறந்து பாருங்கள். தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிறது அல்லவா? விரலை மடக்கும் தசைகளில் பெரியவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் தசை கிடையாது, முன்கையிலிருந்து வரும் தசைநாண்கள்தான் கயிறு போல் அதை இழுக்கின்றன. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மடக்குவதற்கு உட்பக்கம் ஒரு கூட்டம், நீட்டுவதற்கு வெளிப்பக்கம் இன்னொரு கூட்டம். மணிக்கட்டு பூட்டிக் கிடந்த ஆறு வாரமும் இரண்டு கூட்டத்துக்கும் பாதி வேலைகூட இல்லை.

தசை நாருக்குள் புரதம் ஓயாமல் உடைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. வேலை நின்றால் கட்டுவது குறைந்து, உடைவது மிஞ்சுகிறது. நார் மெலிகிறது. அழிந்துபோவதில்லை, அதனால்தான் பயிற்சி செய்தால் திரும்பிவிடுகிறது. இதில் ஒரு விஷயம்: பலம் முதலில் வரும், பருமன் பிறகுதான் வரும். தொடக்கத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளின் வேலை. சும்மா கிடந்த நார்களை அவை திரும்ப வேலைக்குக் கூப்பிடுகின்றன. இரண்டு வாரம் செய்தும் கை பருக்கவில்லையே என்று பயிற்சியை விட்டுவிடுபவர்கள் நிறைய. நீங்கள் டேப்பை வைத்துக் கையை அளக்காதீர்கள். பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா, துணி பிழிய முடிகிறதா என்று சில வாரம் கழித்துப் பாருங்கள்.

சரி, எலும்பு. ‘கூடிவிட்டது’ என்பதை ‘முடிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. அதற்குள் செல்கள் புகுந்து, இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்புமாக மிருதுவான ஒட்டு ஒன்றைப் போடுகின்றன. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கெட்டியாகிறது. உங்கள் எக்ஸ்ரேயில் தெரிந்தது இந்த அவசர வேலைதான். இனிமேல் ஒரு வகைச் செல்கள் வேண்டாத இடத்தில் எலும்பை அரித்து எடுக்கும், இன்னொரு வகைச் செல்கள் வேண்டிய இடத்தில் புதிதாகப் பூசும். இது மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நடக்கும்.

எங்கே அரிப்பது, எங்கே பூசுவது என்பதற்கு எலும்பு பார்ப்பது அதன்மேல் விழும் பாரத்தைத்தான். யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892-லேயே இதை எழுதிவைத்தார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு, இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி குறைகிறது. உங்கள் கையும் ஆறு வாரம் ஓரளவு விண்வெளியில்தான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மடக்க முடியாத விறைப்பு. அசையாமல் கிடந்ததில் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கியிருக்கிறது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போய்ச் சேருகிறது. ஆகவே அசைவுதான் மருந்து. விரல்களை முழுதாக மூடித் திறப்பது, மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குவது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து உள்ளங்கையை மேலே கீழே திருப்புவது. கடைசியாகச் சொன்னதுதான் பலருக்கும் கடினம். அதில் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து அல்னாவின்மேல் புரள வேண்டும். மணிக்கட்டில் பெரும்பாலும் முறிவது இந்த ரேடியஸ்தான். ஒவ்வொன்றும் பத்து முறை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை செய்யுங்கள். லேசான வலி இருக்கலாம். எடை தூக்குவது உங்கள் டாக்டர் சொன்ன பிறகுதான். ‘உருவிவிடுகிறேன், இழுத்துவிடுகிறேன்’ என்று யாராவது வந்தால் கையைக் கொடுக்காதீர்கள்.

கை வீங்கிச் சிவந்து எரிந்தாலோ, தொட்டாலே தாங்க முடியாமல் வலித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் போனாலும் அப்படியே. மணிக்கட்டு முறிந்த சிலருக்கு, வாரக்கணக்கில் கழித்து அந்த விரலின் தசைநாண் அறுந்துபோவது உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்து, 52 வயதில் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அரிக்கும் செல்களின் கை ஓங்கிவிடுகிறது. எலும்பு மெலிந்திருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பல பெண்களுக்கு இந்த மணிக்கட்டு முறிவுதான். எக்ஸ்ரேயை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அடுத்த முறை எலும்பு டாக்டரிடம் போகும்போது, மாதவிடாய் எப்போது நின்றது, வீட்டில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதா, ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதையெல்லாம் சொல்லி, அந்த ஸ்கேனையும் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையையும் பற்றி நீங்களே கேளுங்கள்.