ஒரு ஆராய்ச்சி தவறாகப் பயன்படுத்தப்பட்டால், அதைச் செய்த விஞ்ஞானிக்கு அதில் பொறுப்பு உண்டா?

உண்டு என்பதுதான் என் பதில். கண்டுபிடிப்பு அவர் கையைவிட்டுப் போன பிறகும் உண்டு.

இந்தக் கேள்வி வந்தாலே பேச்சு அணுகுண்டுக்குப் போய்விடும், அல்லது ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபருக்கு. முதல் உலகப் போரின்போது, 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனைக்கு நேரிலேயே போய், குளோரின் வாயுவைத் திறந்துவிடும் ஏற்பாடுகளைக் கவனித்தவர் ஹேபர். தெரிந்தே செய்தார், அவர் பொறுப்பைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. என்னை உண்மையில் யோசிக்க வைத்தவர் ஆர்தர் கால்ஸ்டன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். அவர் ஆயுதம் எதுவும் செய்யவில்லை.

1943இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது சோயா மொச்சை. சீக்கிரம் பூத்துக் காய்த்தால், கோடை குறைவாக இருக்கும் பகுதிகளிலும் சோயாவைப் பயிரிடலாம். ட்ரைஅயோடோபென்சோயிக் அமிலத்தைத் தெளித்தால் பூப்பது விரைவாகிறது என்று கண்டார். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அளவு கூடினால், காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பிடிப்பு விட்டு இலைகள் உதிர்ந்துவிடுகின்றன. அதையும் நேர்மையாக ஆய்வேட்டில் எழுதிவைத்தார். அமெரிக்க ராணுவத்தின் உயிரி ஆயுத ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது செய்தியை.

வியட்நாம் போரில் இலைகளை உதிர்க்க அமெரிக்க ராணுவம் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற கலவையில் கால்ஸ்டனின் ரசாயனம் கிடையாது. அதில் இருந்தவை 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகள், சரிபாதியாக. ஆனால் இலையை உதிர்த்து எதிரியின் மறைவிடத்தை இல்லாமல் ஆக்கலாம் என்று கிளம்பிய ஆய்வுகளுக்கு அவருடைய ஆய்வேடும் வழிகாட்டியது. 1962 முதல் 1971 வரை, ஏஜென்ட் ஆரஞ்சையும் சேர்த்து, ஏறக்குறைய 7 கோடி லிட்டர் களைக்கொல்லிகள் காட்டின் மேலும் வயலின் மேலும் கொட்டப்பட்டன. 2,4,5-டி தயாரிப்பில் கலந்துவரும் டையாக்ஸின் கொடிய நஞ்சு. அது மண்ணில் தங்கி, மீன் வழியாக மனிதர் உடம்புக்குள்ளும் போனது.

செடியின் சிறு துண்டிலிருந்து புதுச்செடி வளர்க்கும் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அந்த 2,4-டி எங்களுக்கு அன்றாடம் புழங்கும் பொருள். கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் வீதம் திசு வளரும் சத்துக்கலவையில் சேர்த்தால், இலைத்துண்டின் வெட்டுவாயில் சில வாரங்களில் வெளிர்மஞ்சளாகத் திசு திரண்டு வரும். அதையே அதிகமாகக் கொடுத்தால் செடியின் வளர்ச்சி தாறுமாறாகி, தண்டு முறுக்கிக்கொண்டு செத்துப்போகும். நம் ஊர் நெல்வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிப்பதும் இதைத்தான். எந்த அளவு வளர்க்கும், எந்த அளவு கொல்லும் என்பது எங்கள் துறையில் அரிச்சுவடி. அதனால்தான் "கத்தி செய்த கொல்லன்மேல் பழி போடலாமா" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கத்தி குத்தும் என்று கொல்லர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே விளக்க வேண்டியிருந்தது. வெறும் களைக்கொல்லிதான், மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, அதை மறுத்துப் பேசும் அறிவு தாவரவியலாளர்களிடமும் வேதியியலாளர்களிடமும்தான் இருந்தது.

கால்ஸ்டன் பேசினார். அமெரிக்கத் தாவர உடலியலாளர் சங்கம் கண்டனத் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டார். சங்கத் தலைமை மறுத்துவிட்டது. சரி என்று விட்டுவிடாமல், உடன்பட்ட சிலரிடம் கையெழுத்து வாங்கி ஜனாதிபதி ஜான்சனுக்கே கடிதம் அனுப்பினார். அலையாத்திக் காடு பட்டுப்போனால் அதை நம்பியிருக்கும் மீனும் இறாலும் போய்விடும் என்று விடாமல் எச்சரித்தார். 2,4,5-டி கொடுத்த எலிகளுக்கு ஊனத்தோடு குட்டிகள் பிறந்தன என்ற ஆய்வு முடிவு 1969இல் வெளியே வந்தது. உயிரியலாளர் மேத்யூ மெசல்சன் போன்றவர்களோடு சேர்ந்து அதை அரசின் அறிவியல் ஆலோசகர்வரை கொண்டுபோனார். 1970 ஏப்ரலில் வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு நிறுத்தப்பட்டது. கெடுதலுக்குப் போகக்கூடிய வேலையைத் தொடாமல் இருந்தாலே போதும் என்று முன்பு நினைத்ததாகவும், எந்தக் கண்டுபிடிப்பும் கெடுதலுக்குத் திரும்பலாம் என்பதால் கடைசிவரை அதைப் பின்தொடர்வதுதான் வழி என்று புரிந்துகொண்டதாகவும் அவர் பின்னாளில் எழுதினார்.

அவர் சோயாவை ஆராயாமலே இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1943இல் இருபத்துச் சொச்சம் வயது மாணவர் வியட்நாமை எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்? முன்கூட்டியே தெரியாமல் போனதற்காக அவரைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் தெரிந்த பிறகு சும்மா இருந்திருந்தால், நிச்சயம் சொல்லியிருப்பேன். அப்புறம், தீர்மானம் வேண்டாம் என்று தள்ளிவைத்தார்களே, அந்தச் சங்கத் தலைமை? அவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒரு இலையைக்கூட உதிர்க்க ஆராய்ந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பொருள் ஒரு காட்டை என்ன செய்யும் என்று படித்துத் தெரிந்தவர்கள். என்னைக் கேட்டால், இதில் கால்ஸ்டனைவிட அவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம்.