தாவரச் சாற்றுக்கு ஓவன் வெப்பநிலையை எப்படி வகுப்பது?

கேள்வி: இலைகளின் ஹெக்சேன் சாற்றை வாயு குரோமேட்டோகிராபியில் (ஆவியாக்கிய கலவையைச் சூடான ஓவனுக்குள் உள்ள நீண்ட குழல் வழியே செலுத்திச் சேர்மங்களைப் பிரிக்கும் முறை) பகுத்தாய்கிறேன். குழல் 30 மீட்டர் நீளமானது. 5 விழுக்காடு ஃபீனைல் பூச்சுடையது. ஸ்ப்ளிட்லெஸ் முறையில் (மாதிரியைப் பங்கிட்டு வெளியேற்றாமல் ஏறத்தாழ முழுவதையும் குழலுக்குள் விடுவது) செலுத்தி, ஓவனை 100 டிகிரி செல்சியஸில் தொடங்கி, நிமிடத்துக்கு 20 டிகிரி வீதம் 250 வரை உயர்த்துகிறேன். வரைபடத்தின் தொடக்க முகடுகள் (சேர்மங்கள் வெளிவருவதைக் காட்டும் கூம்புகள்) ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றன. அடுத்த ஓட்டத்தில் அகன்ற மேடுகள் எழுகின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் தொடக்க வெப்பநிலையை மாற்றுங்கள். ஹெக்சேனின் கொதிநிலை 69 டிகிரி. ஸ்ப்ளிட்லெஸ் முறையில், ஓவன் கரைப்பானின் கொதிநிலைக்கு 10 முதல் 20 டிகிரி கீழே இருந்தால்தான் ஆவி குழலின் முகப்பில் குளிர்ந்து படிந்து, ஆல்ஃபா-பைனீன், லிமோனீன் போன்ற இலேசான சேர்மங்களைக் குறுகிய பட்டையாகத் திரட்டும். 100 டிகிரியில் அது நடக்காது. ஆகவே 50 டிகிரியில் தொடங்கி, ஓரிரு நிமிடம் நிறுத்தி வையுங்கள்.

அகன்ற மேடுகள் பெரும்பாலும் முந்தைய ஓட்டத்தின் எச்சமே. இலை மெழுகும் ஸ்டெரால்களும் 250 டிகிரியில் முழுமையாக வெளியேறுவதில்லை. குழலின் உச்ச வரம்பைச் சரிபார்த்துக்கொண்டு, 300 டிகிரிக்கு உயர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு வெறும் ஹெக்சேனைச் செலுத்தி, அடிக்கோடு (முகடில்லாத இடத்தில் வரைபடம் காட்டும் கோடு) தூய்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சுள்ள குழலில் இதைச் செய்யவே கூடாது. அது பொதுவாக 240 முதல் 260 டிகிரி வரைதான் தாங்கும்.

ஏற்ற வீதத்தில்தான் உண்மையான கவனம் தேவை. நிமிடத்துக்கு 10 டிகிரியில் ஒரு முன்னோட்டம் நடத்தி, முகடுகள் எங்கே நெருங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நெரிசல் தென்படும் வெப்பநிலைக்கு ஏறத்தாழ 40 டிகிரி முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சேர்மங்கள் அதற்கு முன்பே குழலுக்குள் நகரத் தொடங்கிவிடுகின்றன. நறுமணச் சேர்மங்களே உங்கள் நோக்கமானால் 60 முதல் 240 வரை நிமிடத்துக்கு 3 டிகிரி என்பதே என் பரிந்துரை. இவ்வகைக் குழலுக்கு வெளியாகியுள்ள தக்கவைப்புக் குறியீடுகள் (சேர்மம் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களின் நேரத்தோடு ஒப்பிட்டுத் தரும் எண்கள்) பல இதே வீதத்தில் பெறப்பட்டவை. செஸ்கிடெர்பீன்களின் (15 கார்பன் கொண்ட நறுமணச் சேர்மங்கள்) நிறைநிறமாலைகள் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைப் பதிவுகள்) ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அதே நிரலில் ஆல்கேன் கலவையையும் ஓட்டிக் குறியீட்டைக் கணக்கிடாமல் பெயர் சூட்டாதீர்கள். 240க்கு மேல் 10 முதல் 15 டிகிரி வேகத்தில் செல்லலாம்.

இன்னும் மெதுவாக்கினால் முகடுகள் அகன்று தாழ்ந்து, நுண்ணளவுச் சேர்மங்கள் இரைச்சலில் மறைந்துபோகும். அப்போதும் பிரியாத இணைக்கு வேறு பூச்சுள்ள குழலே தீர்வு. வீதத்தை மாற்றும்போது சில சேர்மங்கள் வெளிவரும் வரிசையும் மாறக்கூடும் என்பதால், முகடுகளை மீண்டும் அடையாளம் காணுங்கள்.

சூடேறும்போது வாயுவின் பிசுக்குமை கூடுவதால், மாறா அழுத்தத்தை விட மாறாப் பாய்வே மேல். சாற்றை ஆவியாக்கிக் குழலுக்குள் விடும் இன்ஜெக்டரையும் கவனியுங்கள்: ஜெர்மாக்ரீன்-ஏ என்ற செஸ்கிடெர்பீன் வெப்பத்தால் பீட்டா-எலமீனாக மாறக்கூடியது. ஐயமிருந்தால் இன்ஜெக்டரை 250லிருந்து 200க்குக் குறைத்து, இரு முகடுகளின் விகிதத்தையும் ஒப்பிடுங்கள்.