பழைய வானொலித் துப்பறியும் நாடகங்களில் அப்படி என்ன இருக்கிறது?

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்காவின் பழைய துப்பறியும் நாடகங்களைக் கேட்கிற ஆள் நான். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனசு வரவில்லை.

கற்பனைக்கு இடம் கொடுக்கிறது என்பார்கள். சரி, அது பேய்க்கதைக்கும் பொருந்துமே. என்னை இழுத்தது வேறு. கேட்பவருக்கு எதுவும் கண்ணில் தெரியாது என்பதால், எங்கே நிற்கிறோம், எதிரே யார், மேஜைமேல் என்ன என்று துப்பறிகிறவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் பாடப்புத்தகம் ஒப்பிப்பது போலாகிவிடும்.

'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' அதற்குக் கண்டுபிடித்த வழி அபாரம். சிபிஎஸ் வானொலியில் 1949 முதல் 1962 வரை வந்த தொடர் இது. ஜானி டாலர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்புத் துலக்குபவர். கதை முழுக்க அவர் கம்பெனிக்கு அனுப்பும் செலவுக் கணக்குதான்! முதல் செலவு விமான டிக்கெட். அடுத்தது டாக்ஸி. அப்புறம் ஒருவன் வாயைத் திறக்க வைக்க வாங்கிக் கொடுத்த விஸ்கி. டாக்ஸிக் காசைச் சொல்லி முடிப்பதற்குள் நாம் வேறு இடத்தில், வேறு ஆள் முன்னால் நிற்போம். கடைசியில் மொத்தத் தொகை, 'இப்படிக்கு, ஜானி டாலர்' என்று கையெழுத்து. ஆபீசில் பயணப்படிக்கு பில் எழுதிக் கொடுத்து அல்லாடியவர்களுக்கு இதில் கூடுதல் சுகம் உண்டு.

ஒலிகளும் அப்படித்தான். அந்தக் கால ஸ்டுடியோக்களில் செல்லோஃபேன் தாளைக் கசக்கினால் நெருப்பு, சோளமாவை அமுக்கினால் பனியில் காலடி. தெரிந்த பிறகும் எனக்குக் குளிர்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அரை மணி நேரத்தில் நாலைந்து குரல்களுக்குத்தான் இடம். அதனால் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே பிடித்துவிடலாம். பெண்கள் பெரும்பாலும் அழுவார்கள், இல்லாவிட்டால் அவர்களே கொன்றிருப்பார்கள்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் ஜானி டாலர் தொடரில் 1955 அக்டோபரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் வந்தவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 15 நிமிடம், பெரும்பாலும் வாரம் முழுக்க ஒரே கதை. ஆட்களோடு பழக நேரம் கிடைக்கிறது. அப்போது ஜானி டாலராக நடித்த பாப் பெய்லியின் குரலில் அலுப்பும் குறும்பும் சேர்ந்தே இருக்கும். 1960 இறுதியில் தயாரிப்பு நியூயார்க்குக்கு மாறியபோது அவர் கூடப் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் மோசமில்லை. ஆனால் அதே டாக்ஸிக் கணக்கை வேறொரு குரல் வாசிக்கும்போது எனக்கு ஏனோ ஒட்டவில்லை.