காலிமுகத்திடலில் நின்றாலும் 'அருகில் இடம் எதுவும் இல்லை' என்று வந்தால்

வணக்கம். கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலிலேயே நின்று பார்த்தும் 5 கிலோமீற்றருக்குள் அழகான இடம் ஒன்றுமே இல்லை என்று, அருகிலுள்ள அழகான இடங்களைக் காட்ட நீங்கள் உருவாக்கும் செயலி சொல்கிறது என்கிறீர்கள். ஜிபிஎஸ்ஸைச் சந்தேகிக்கும் முன் ஆள்கூறுகளின் (இடத்தைக் குறிக்கும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களின்) வரிசையைப் பாருங்கள். இடங்களை ஜியோஜேசன் (GeoJSON, வரைபடத் தரவை எழுதும் ஒரு வடிவம்) கோப்பில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் நெட்டாங்குதான் முதலில் வரும். கூகுள் மேப்ஸில் அகலாங்கு முதலில். கொழும்பு 6.93, 79.85. இவை இடம் மாறினால் உங்கள் இடமெல்லாம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் பக்கக் கடலில் போய் விழும். ஓர் இடத்தின் தூரத்தை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்; ஆயிரக்கணக்கில் கிலோமீற்றர் வந்தால் இதேதான்.

அது சரிவந்ததும் நேர்கோட்டுத் தூரத்தோடு நின்றுவிடாதீர்கள். பேர வாவிக் கரையில் நிற்பவருக்கு எதிர்க்கரை கண்முன்னே தெரியும், போவதென்றால் சுற்றித்தான் போகவேண்டும். முதலில் நேர்கோட்டில் வடிகட்டி, மிஞ்சுகிற பத்துப் பதினைந்து இடங்களுக்கு மட்டும் வரைபடச் சேவையிடம் நடைத்தூரம் கேளுங்கள். செலவும் குறையும்.

நேரத்தையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சந்தோசப்படுவேன். காலிமுகத்திடல் மேற்குக் கடலைப் பார்த்தது, மாலையில் பட்டியலின் மேலே வரட்டும். பெத்தகான ஈரநிலப் பூங்கா காலையில், பறவைகளுக்காக. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை எடுத்தால் அவர்கள் பெயரைச் செயலிக்குள் கட்டாயம் போடுங்கள்.