விமர்சனம் இருக்கட்டும், அந்த இரண்டு வரிகளை எடுத்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த ஜாம் பேண்ட் (மேடையிலேயே கற்பனைக்கேற்ப நீட்டி வாசிக்கும் இசைக்குழு) ஒன்று வேறு மாநிலத்துக் கடற்கரையில் கச்சேரி நடத்தியது. பல வருடக் கனவு என்பதால் லீவு போட்டுவிட்டுப் போனேன். கேட்டைத் திறக்கவே தாமதம், குடிக்கத் தண்ணீர் இல்லை, பவுன்சர்கள் மரியாதையில்லாமல் பேசினார்கள். முதல் செட், அதாவது முதல் பகுதி, நன்றாக இருந்தது. இரண்டாவது செட்டில் கிதார் கலைஞர் தடுமாறினார், அவர் போதை மருந்து எடுத்ததைப் பார்த்ததாகக் கூட வந்த நண்பன் சொன்னான், இரவு 10 மணிக்குக் கச்சேரி சட்டென்று நின்றுவிட்டது. திரும்பி வந்ததும் நீளமாக ஒரு விமர்சனம் எழுதி வெளியிட்டேன். அரை மணி நேர ஜாம் ஒன்றை முழுதாக என் யூடியூப் சேனலிலும் போட்டேன், ஜாம் பேண்ட் ரசிகர்கள் இப்படிப் பதிவு செய்வது மரபுதானே. இப்போது நிகழ்ச்சி அமைப்பாளரின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் எல்லாவற்றையும் நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமாம். காசு கொடுத்துப் பார்த்த ரசிகனுக்கு விமர்சிக்க உரிமை இல்லையா? என் மன உளைச்சலுக்கு நான் திருப்பி வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் கேட், தண்ணீர், பவுன்சர் எதுவும் இந்த நோட்டீஸுக்குப் பதில் ஆகாது. அது சேவைக் குறைபாடு. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விமர்சிக்க உரிமை இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள்தான் அங்கே இடம் மாறியிருக்கின்றன. அதன் ஆறாவது விதிவிலக்கு உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. பொதுமக்கள் தீர்ப்புக்கு வைக்கப்பட்ட ஒரு படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. பொது மேடையில் தோன்றும் நடிகரும் பாடகரும் தங்கள் நடிப்பையும் பாட்டையும் மக்கள் தீர்ப்புக்கு வைக்கிறார்கள் என்று சட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கிதார் வாசிப்பவருக்கும் அதே கதைதான்.

ஆகவே, “அரை மணி நேரம் வாசித்தார்கள், எங்கே போகிறோம் என்று வாசித்தவர்களுக்கே தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் அசைக்க முடியாது. “டிரம்ஸ் ஒரு பக்கம் இழுத்தது, கிதார் வேறு ஸ்கேலில் அலைந்தது” என்பதும் அப்படியே. உங்கள் ரசனை தவறாகவே இருந்தாலும் பரவாயில்லை. ரசனை சரியா என்று நீதிமன்றம் பார்க்காது.

உங்களை மாட்டிவிடப் போவது வேறு இரண்டு வரிகள். ஒன்று, “போதை மருந்து போட்டுக்கொண்டு மேடையேறினால் வாசிப்பு இப்படித்தான் இருக்கும்.” இன்னொன்று, “பாதிக் கச்சேரியை அமுக்கிவிட்டு முழுக் காசையும் வாங்கிக்கொண்ட மோசடிக் கும்பல்.” நோட்டீஸில் எட்டுப் பத்திகள் இருக்கலாம். வழக்கு என்று வந்தால் இந்த இரண்டு வரிகளில்தான் நிற்கும்.

ஆறாவது விதிவிலக்கின் கீழ் இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவருடைய புத்தகம் முட்டாள்தனமாக இருக்கிறது, ஆகவே அவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும் என்று எழுதினால் அது அனுமதிக்கப்பட்ட விமர்சனம். அவர் பலவீனமானவர், ஒழுக்கங்கெட்டவர், ஆகவே அவர் புத்தகம் இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை என்று எழுதினால் அது விதிவிலக்குக்குள் வராது. படைப்பிலிருந்து மனிதரை நோக்கிப் போகலாம், அதுவும் படைப்பில் தெரிகிற அளவுக்கு மட்டும். மனிதரைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவை வைத்துக்கொண்டு படைப்பை நோக்கி வரக் கூடாது. “ரசிகர்கள்மேல் அவருக்கு அக்கறை இல்லை என்பது அந்த வாசிப்பிலேயே தெரிந்தது” என்று எழுதியிருந்தால் நீங்கள் முதல் வகை. உங்கள் போதை மருந்து வரி அச்சு அசலாக இரண்டாவது வகை. அது காதில் விழுந்த வாசிப்பைப் பற்றிய கருத்தே இல்லை. மேடைக்குப் பின்னால் ஒரு குற்றம் நடந்தது என்கிற குற்றச்சாட்டு. போதை மருந்து உட்கொள்வது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதால் அதன் கனம் இன்னும் கூடுகிறது.

“கூட வந்த நண்பன் பார்த்ததாகச் சொன்னான்” என்கிறீர்கள். சரி, அந்த நண்பர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்வாரா? இன்றே கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் இப்படிச் சொன்ன நண்பர்கள் சம்மன் என்ற சொல்லைக் கேட்டதும் போனை எடுப்பதில்லை. கிரிமினல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். “கேள்விப்பட்டேன்”, “அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்” என்று சேர்ப்பதோ, கடைசியில் கேள்விக்குறி போடுவதோ உங்களைக் காப்பாற்றாது. மறைமுகமாகச் சொன்னாலும் கிண்டலாகச் சொன்னாலும் அது அவதூறாகலாம் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இரண்டாவது வரிக்கு வருவோம். கச்சேரி 10 மணிக்கு நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். 10 மணி வரை மட்டும் என்று சொல்லும் அனுமதிக் கடிதத்தை அமைப்பாளர் நீதிபதி முன் வைத்தால் உங்கள் “அமுக்கிவிட்டு” என்ற சொல் என்ன ஆகும்? நல்லெண்ணம் என்றால் சட்டத்தில் மனசு சுத்தமாக இருப்பது மட்டும் அல்ல. உரிய கவனத்தோடு செய்திருக்க வேண்டும். தாமதமாகத் தொடங்கியதால் இரண்டாவது செட் சுருங்கிப் போனது, அதற்கு அமைப்பாளரே பொறுப்பு என்று எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அது நடந்த விஷயத்தின்மேல் நிற்கும் கருத்து. மோசடிக் கும்பல் என்பது வேறு.

இனி நான் அதிகம் கவலைப்படுவதைச் சொல்கிறேன். நல்ல விமர்சனம் எழுதிய பலர் எழுதிய நாளில் மாட்டுவதில்லை, நோட்டீஸ் வந்த பிறகு மாட்டுகிறார்கள். முதலில் செய்வது, நோட்டீஸைப் போட்டோ எடுத்து “மிரட்டிப் பார்க்கிறார்கள்” என்று வெளியிடுவது. அப்படிச் செய்தால் அதே குற்றச்சாட்டை இரண்டாவது முறை, இன்னும் பெரிய கூட்டத்துக்கு முன்னால் சொன்னதாகிவிடும். இந்த முறை அது பொய் என்று எதிர்த்தரப்பு எழுத்தில் சொன்ன பிறகும் சொல்கிறீர்கள். அதன்பின் நல்லெண்ணம் என்று வாதாட உங்கள் வக்கீலுக்கு இடமே இருக்காது. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. அதையும் புதிய பதிவு புதிதாகத் தொடங்கி வைக்கும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்று என் கண்ணில் பட்டது. ஒருவர் கீழே வந்து “நிஜமாவா?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள் “இது ஊருக்கே தெரியும்” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். விமர்சனத்தைவிட அந்த மூன்று சொற்கள் ஆபத்தானவை. உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரி தவறிவிட்டது என்று வாதாடலாம். கேள்வி கேட்ட பிறகு உறுதிப்படுத்தியதை எப்படி வாதாடுவது? வாட்ஸ்ஆப் குழுவில் இதுபற்றி வாய்ஸ் நோட் எதுவும் போட்டிருந்தால் இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். குழுவில் இருக்கிற ஒருவர் வழியாக அது எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும்.

அப்புறம், விதிவிலக்கு இருக்கிறது, வழக்கே நிற்காது என்று நினைத்துக்கொள்வது. விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று விசாரணையில் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அந்தக் கட்டத்துக்கு வர வருடங்கள் ஆகலாம். புகார் பெரும்பாலும் அந்த மாநிலத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் போடுவார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் புகாரை ஏற்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும், நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் மாஜிஸ்திரேட் விசாரித்த பின்புதான் சம்மன் அனுப்ப வேண்டும். இரண்டும் நல்ல பாதுகாப்புகள்தான். ஆனால் அந்த முதல் கட்டத்திலிருந்தே உங்களுக்கு அங்கே ஒரு வக்கீல் வேண்டும். சம்மன் வந்துவிட்டால் ஜாமீன் கிடைக்கும், நேரில் வர விலக்குக் கேட்கலாம், எல்லாம் சரி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் செலவு யாருடையது? உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாமே என்பீர்கள். நல்லெண்ணம் இருந்ததா என்பது சாட்சியம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம், கீழ்க் கோர்ட்டிலேயே சொல்லிக்கொள்ளுங்கள் என்று மனுவைத் தள்ளுபடி செய்வதுதான் அதிகம் நடக்கிறது. கிரிமினல் அவதூறு செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கிலேயே நிராகரித்துவிட்டது. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. தண்டனை வரை போகிறவர்கள் குறைவு, அலைச்சலிலேயே நொந்து போகிறவர்கள்தான் அதிகம்.

வீடியோ விஷயத்தில் நீங்கள் சொல்லும் நியாயம் பாதிதான் சரி. ஜாம் பேண்ட் உலகில் ரசிகர்கள் பதிவு செய்வது மரபு என்பது உண்மை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது. ஆனால் அது அந்தக் குழு கொடுத்த அனுமதி, விற்காமல் பரிமாறிக்கொள்ள மட்டும். நீங்கள் பார்த்த குழு அப்படி அனுமதித்ததா என்று டிக்கெட் நிபந்தனையைப் பாருங்கள். நம் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 39ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வதையும், நேர்மையான விமர்சனத்துக்காக நிகழ்ச்சியின் பகுதிகளைக் காட்டுவதையும் அனுமதிக்கிறது. பகுதிகளை மட்டும். அரை மணி நேர ஜாமை முழுதாக, விளம்பரம் ஓடுகிற சேனலில் போட்டுவிட்டு விமர்சனம் என்று சொல்ல முடியாது. முப்பது வினாடி வரை போட்டால் தப்பில்லை என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அப்படி எதுவும் சட்டத்தில் இல்லை. நீங்கள் பேசும் கருத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு காட்டுங்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சட்டத்தின் 63ஆம் பிரிவில் வரும் காப்புரிமை மீறல் குற்றம் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவதூறைவிட இந்தப் பக்கம்தான் அவர்களுக்குச் சீக்கிரம் கைகொடுக்கும். முழு வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள்.

சுருக்கமாக என் யோசனை: ராஜியாகப் போங்கள். முதலில் விமர்சனம், கீழே வந்த பதில்கள், தேதி, முகவரி எல்லாம் தெரியும்படி முழுதாகச் சேமித்து வக்கீலிடம் கொடுங்கள். அதன் பிறகு அந்த இரண்டு வரிகளையும் “ஊருக்கே தெரியும்” என்ற பதிலையும் நீக்குங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு அப்படி எழுதவே இல்லை என்று சொல்லாதீர்கள், அவர்களிடம் பழைய பிரதி இருக்கும். இன்ன தேதியில் இரண்டு வாக்கியங்கள் நீக்கப்பட்டன என்று கீழே ஒரு குறிப்புப் போடுங்கள். நீக்கிய வாக்கியம் என்ன என்பதை அந்தக் குறிப்பில் திரும்ப எழுதக் கூடாது. நோட்டீஸுக்குப் பதில் வக்கீல் மூலமாகவே போக வேண்டும், அதில் நண்பர் சொன்னார் என்ற பேச்சே வரக் கூடாது.

விமர்சனம் முழுவதையும் நீக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாசிப்பைப் பற்றி எழுதியது உங்கள் உரிமை, அதை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. இனி இந்தக் குழுவைப் பற்றி எழுத மாட்டேன் என்ற உறுதிமொழியும் வேண்டாம். வருத்தம் தெரிவிப்பதானால் அந்த இரண்டு வரிகளுக்கு மட்டும். 50 லட்சத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தொகைக்கு வழக்குப் போட்டால் அதற்கேற்ற கோர்ட் கட்டணத்தை அவர்கள் முதலில் கட்ட வேண்டும். ஒரு ரூபாய்கூட தர வேண்டியதில்லை என்பதில் உறுதியாக இருங்கள்.

இப்படிப்பட்ட ராஜிகளில் கடைசியில் ஒரு குழி இருக்கும். நோட்டீஸ் அனுப்பியது அமைப்பாளர். போதை மருந்து வரியால் பாதிக்கப்பட்டவர் கிதார் கலைஞர். அவதூறுப் புகாரைப் பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க முடியும், சமரசம் செய்ய வேண்டியவரும் அவர்தான். அமைப்பாளரிடம் வருத்தக் கடிதம் கொடுத்துவிட்டு முடிந்தது என்று நீங்கள் நிம்மதியாக இருக்க, அதே கடிதத்தை ஒப்புதலாக வைத்து கிதார் கலைஞர் தனியாகப் புகார் கொடுக்கலாம். ஆகவே அமைப்பாளர், இசைக்குழு, கிதார் கலைஞர் மூவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர்களுக்காகக் கையெழுத்திடுபவரிடம் எழுத்துப்பூர்வ அதிகாரம் இருக்க வேண்டும். சிவில், கிரிமினல், காப்புரிமை மூன்றிலும் இனி எந்த நடவடிக்கையும் இல்லை என்று அந்தப் பத்திரத்தில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அதற்குமுன் எந்தக் கடிதமும் உங்கள் கையிலிருந்து போகக் கூடாது.

நுகர்வோர் புகாரை இப்போது தொட வேண்டாம் என்றது இதற்காகத்தான். கோபத்தில் எழுதும் புகாரில் அதே மோசடி, அதே போதை மருந்து மறுபடி வந்துவிடும், அதுவும் பிரமாணப் பத்திரமாக. ராஜி பேசும்போது அவர்கள் கேட்கப்போகும் முதல் விட்டுக்கொடுப்பும் அந்தப் புகாராகத்தான் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் பணம் கேட்பதைக் கைவிட்டு, மூவரும் கையெழுத்திடத் தயார் என்றால் டிக்கெட் பணத்தை மறந்துவிடுங்கள். மாட்டோம் என்றால் தாமதம், தண்ணீர் இரண்டையும் மட்டும் எழுதி, டிக்கெட்டையும் நேரம் பதிந்த போட்டோக்களையும் இணைத்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் தாக்கல் செய்யுங்கள்.