கை பேசினால் வாய் பேசாதா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. காது மெஷின் பொருத்தியிருக்கிறோம். எங்கள் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். சைகை மொழி கற்பித்தால் அது இந்த மூன்றில் எதைச் சேர்ந்ததாக இருக்கும்? கையைக் காட்டிப் பழக்கினால் வாய் திறக்கவே மாட்டான் என்கிறார் என் மாமியார்.
– ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

பதில்: மூன்றிலும் சேராது. இந்தியச் சைகை மொழி தமிழையோ தெலுங்கையோ கையால் எழுதிக் காட்டுவதன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. ‘உன் பெயர் என்ன’ என்பதுபோல் வினாச்சொல் அதில் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆம், இல்லை என்று விடை தரும் கேள்வியைப் புருவ உயர்வே உணர்த்திவிடும். ஊருக்கு ஊர் சில சொற்கள் மாறினாலும் உங்கள் மகன் ஓசூரில் கற்பதைக் கொண்டு பெங்களூரிலும் பேசலாம். மாறாக, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேச்சு ஆங்கிலமாயிருந்தும் இரு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியா. பிரான்சிலிருந்து வந்த காதுகேளாத ஆசிரியர் லாரன்ட் கிளேர் 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கியதால், அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழிக்கே உறவாகிவிட்டது.

சைகையும் முழுமையான மொழியே என்பதை, அமெரிக்காவில் காதுகேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ 1960-இல் ஆய்வின்வழி நிறுவினார். சொற்கள் ஒலிகளாகப் பிரிவதுபோல ஒவ்வொரு சைகையும் கை வடிவம், உடலில் அது நிகழும் இடம், அசைவு என்று பிரியும் என்று காட்டினார். சைகையில் உரையாடுவோருக்கு மூளையின் இடப்பாதி பழுதுபட்டால் கை நன்றாக அசைந்தாலும் சைகை குலைந்துபோகிறது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது.

உங்கள் மாமியாரின் அச்சம் புதிதன்று. காதுகேளாதோர் கல்வி பற்றி 1880-இல் மிலான் நகரில் கூடிய மாநாடும் பேச்சுப் பயிற்சியே சிறந்தது என்று தீர்மானித்து, பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கப் பரிந்துரைத்தது. காதுகேளாதவர்களின் கருத்துக்கு ஏறக்குறைய இடமே தராத அந்த முடிவுக்கு 2010-இல் வான்கூவர் மாநாட்டில்தான் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தலைமுறைகள் அதன் விலையைச் செலுத்தின என்பதே என் எண்ணம். சைகை பேச்சைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. முதல் சில ஆண்டுகளில் எந்த மொழியுமே கிடைக்காமல் போவதே பெருங்கேடு. ஆகவே காது மெஷினையும் பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள். கூடவே சைகையையும் இன்றே தொடங்குங்கள். புதுதில்லியில் 2015-இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொளிகளாகக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மாமியாரும் உடன் அமர்ந்து கற்றால் நல்லது. பாட்டியோடு பேச முடியாத பேரன் அந்த வீட்டில் தனித்துப்போவான்.

கேள்வி: பேச்சே காதில் விழாத குழந்தைகள் தாமாகவே ஒரு மொழியை உருவாக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: தனியொரு குழந்தை தன் வீட்டாரோடு பேச வீட்டுச் சைகைகளை உருவாக்கிக்கொள்ளும், அவற்றிலும் ஓரளவு ஒழுங்கு இருக்கும். ஆனால் முழுமொழி பிறக்கக் கூட்டம் வேண்டும். நிகரகுவா நாட்டில் 1970-களின் இறுதியிலிருந்து காதுகேளாத குழந்தைகள் பெருமளவில் ஒரே பள்ளிகளில் சேர்ந்தபோது, ஆசிரியர்கள் வகுப்பில் ஸ்பானிஷ் உதட்டசைவைக் கற்பிக்க முயன்றுகொண்டிருக்க, விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகள் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து புதிய மொழியொன்றை வளர்த்தார்கள். 1986-இல் அங்கே சென்ற மொழியியலாளர் ஜூடி கெகல் அதை ஆராயத் தொடங்கினார். பின்னால் வந்து சேர்ந்த சிறு குழந்தைகள்தாம், மூத்தவர்களிடமிருந்து பெற்றதைவிடச் செறிந்த இலக்கணத்தை அதற்கு அளித்தார்கள் என்பதே ஆய்வாளர்களை வியக்கவைத்தது. தேன்கனிக்கோட்டைத் தாயாருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: சைகை தெரிந்த வேறு பிள்ளைகளோடு மகன் விளையாட வாரம் ஒருமுறையாவது வழி செய்யுங்கள்.