எந்தச் சாவு கரைக்கு வந்தது?

அன்புள்ள ஐயா,

நான் உச்சிப்புளி பக்கம் ஒரு கிராமம். பட்டாளத்தில் சேர ஒன்றரை வருடமாக ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறேன். வியட்நாமில் 58,000 பேர் செத்ததும் அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்து போரையே நிறுத்தினார்கள் என்று படித்தேன். 1987-இலிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த நம் அமைதிப்படையில் 4,000 பேருக்கு மேல் வீரமரணம் அடைந்திருக்கிறார்கள். அந்தக் கடலைத் தினமும் பார்க்கிற எங்கள் ஊர்களில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நம் மக்களுக்கு நன்றி என்பதே கிடையாதா? ராமேஸ்வரத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தால் இது மாறுமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். 4,000 பேர் சாகவில்லை. அரசு சொன்ன கணக்கில் இறந்தவர்கள் 1,165, காயம்பட்டவர்கள் 3,009. இரண்டையும் கூட்டி எல்லாரையும் கொன்றுவிட்டீர்கள். தவறு உங்களுடையது மட்டுமில்லை. ‘கேஷுவல்ட்டி’ என்று வருவதையெல்லாம் ‘பலி’ என்று மொழிபெயர்ப்பது நம் செய்தித்தாள்களின் பழைய வியாதி. அந்தச் சொல்லுக்குள் செத்தவன், காயம்பட்டவன், காணாமல் போனவன், பிடிபட்டவன் எல்லாரும் அடக்கம். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் கேஷுவல்ட்டிக்குத் தூக்கிப்போகிற ஆளெல்லாம் பிணமாகவா திரும்பி வருகிறார்? உக்ரைன் போரைப் பற்றி லட்சக் கணக்கில் எண்கள் வரும்போதும் இதைக் கேளுங்கள்: செத்தவர் எத்தனை, அடிபட்டவர் எத்தனை? இறந்தவர் எண்ணிக்கையே 1,155 என்றும் ஏறக்குறைய 1,200 என்றும் வேறு வேறாகப் புழங்குகிறது.

நீங்கள் சாகடித்த அந்த மூவாயிரம் பேர் என்ன ஆனார்கள்? பலர் மிதிவெடியில் கால் போனவர்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக்கால் பொருத்துவார்கள். படையினருக்கென்று புனேயில் 1944 முதல் ஒரு செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. கால் பொருத்தியதோடு வேலை முடியாது. முதல் வருடத்தில் மொட்டைக்கால் சதை வற்றிச் சுருங்கிக்கொண்டே வரும். காலை நுழைக்கும் குழிவு தொளதொளக்கும். காலையில் மொட்டைக்காலில் ஒரு துணியுறை போட்டுக்கொண்டு கிளம்பியவர் சாயங்காலம் இரண்டு உறை போட வேண்டியிருக்கும். போடாவிட்டால் எலும்பு முனை குழிவின் அடியில் இடித்துப் புண்ணாகும். கடற்கரைக்காரருக்கு இன்னும் சிரமம். பாதம் மணலில் புதையும், அதை இழுத்து நடக்கிற பாரமெல்லாம் இடுப்புக்கு வரும், வியர்வையில் உள்ளே வழுக்கும், உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை குழிவையே மாற்றியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவர்களுக்கு ஒரு வரி இல்லை. நன்றியைப் பற்றி எழுதிய கடிதம் அது.

வியட்நாமைப் பற்றி நீங்கள் படித்தது பள்ளிக்கூட நாடகம். ஒரு நாள் விடிந்ததும் யாரும் கொதித்தெழவில்லை. கொரியப் போரையும் வியட்நாம் போரையும் பற்றி எடுத்த கருத்துக்கணிப்புகளை ஜான் முல்லர் என்கிற அமெரிக்க அறிஞர் 1970களின் தொடக்கத்தில் அடுக்கிப் பார்த்தார். இழப்பு பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவையும் போருக்கான ஆதரவு ஏறத்தாழ 15 புள்ளி சரிகிறது என்பது அவர் கண்ட கணக்கு. அதாவது இழப்பு 100-இலிருந்து 1,000 ஆகும்போது எவ்வளவு உறைக்கிறதோ, மறுபடி அதே அளவு உறைக்க ஆயிரம் பத்தாயிரமாக வேண்டும். முதல் சில நூறு இழப்புகளுக்குத்தான் ஊர் திடுக்கிடும். பிறகு பழகிவிடும். மனிதர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான். இதில் தமிழனை மட்டும் தனியே நிற்கவைத்து ஏன் திட்டுகிறீர்கள்?

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கணக்கோடு நிறையச் சண்டை போட்டார்கள், அது கிடக்கட்டும். என் சங்கடம் வேறு. எத்தனை பேர் செத்தார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். செத்தவன் எந்த வழியாக ஊர் வந்து சேர்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

1965 நவம்பரில் வியட்நாமின் இயா ட்ராங் பள்ளத்தாக்குச் சண்டையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கூட்டமாகச் செத்தபோது, சாவுத் தந்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் டாக்சி ஓட்டுநர்கள். அங்கே சண்டையிட்ட ஒரு அதிகாரியின் மனைவி ஜூலியா மூர் இதை எதிர்த்துப் போராடிய பிறகுதான் அதிகாரியே நேரில் போய்ச் சொல்லும் முறை வந்தது. 1969 ஜூனில் லைஃப் பத்திரிகை ஒரே வாரத்தில் செத்த 242 பேரின் முகங்களை அச்சிட்டது. எண் முகமாக மாறிய வாரம் அது. அரசுக்கும் இது புரியாமலில்லை. 1991 முதல் 2009 வரை அமெரிக்காவின் டோவர் விமானத்தளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்கவே தடை. சோவியத் அரசு இன்னும் கெட்டி. ஆப்கானிஸ்தானிலிருந்து துத்தநாகப் பெட்டியில் அடைத்து அனுப்பி, திறக்காதே என்று சொல்லிவிடும். ஆப்கானிஸ்தான் என்ற பெயரைக் கல்லறையில் வெட்டக்கூட முதல் சில ஆண்டுகள் விடவில்லை.

இப்போது நம் பக்கம் வாருங்கள். பெட்டி வருவதென்றால் என்னவென்று ராமநாதபுரம் கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வளைகுடாவுக்குப் போய்ச் செத்தவரின் உடல் வர என்னென்ன வேண்டும் என்று கீழக்கரையிலும் தொண்டியிலும் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள். இறப்புச் சான்று, போலீஸ் அனுமதி, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்தக்குழாய் வழியே ஃபார்மலின் ஏற்றிப் பதப்படுத்தியதற்குச் சான்று, பெட்டியை மூடி முத்திரையிட்டதற்குச் சான்று. ஒன்று குறைந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சவூதியில் வெள்ளி, சனி குறுக்கே வந்துவிட்டால் இன்னும் இரண்டு நாள். இத்தனை தாண்டியும் பெட்டி வந்துவிடுகிறது, தெரு முழுக்கக் கூடிவிடுகிறது.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கியபோது இது எதுவும் நடக்கவில்லை. களத்தில் செத்தவனைப் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே எரிப்பதுதான் அன்றைய வழக்கம். காரணங்கள் உண்டு. ஹெலிகாப்டரில் இருக்கிற இடம் காயம்பட்டவனுக்குத்தான் முதலில். நம் கடலோர வெக்கையில் உடல் ஒரு நாளைத் தாண்டாது. மிதிவெடியில் போனவனை முழு உடலாகக் கொடுக்கவும் முடியாது. ஆகவே ஊருக்கு ஒரு தந்தி வரும். பிறகு அவன் சாமான்கள் வைத்த ட்ரங்குப் பெட்டியும் அஸ்தியும் வரும். அழுவதற்கு ஊருக்கு முகம் கிடைக்காது. கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏழு வருடம் தகவல் இல்லாமலிருந்தால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஏழு வருடமும் அவன் மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

கார்கிலில், 1999-இல், உடல்களை ஊருக்கு அனுப்பும் முறை வந்தது. காவி நிறம் தலைமாட்டில் வரும்படி பெட்டியின் மேல் தேசியக்கொடி, தலைகீழாய்ப் பிடித்த துப்பாக்கிகள், மூன்று சுற்று வேட்டு. கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது, எடுத்து மடித்து வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். தொலைக்காட்சி இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கார்கிலில் இறந்தவர்கள் 527. அமைதிப்படையின் இழப்பு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாடு எதை நினைவு வைத்திருக்கிறது? பெட்டி வந்த போரை.

உங்கள் கரையில் இன்னொன்றும் நடந்தது, தம்பி. சிப்பாயின் சாவு வராத அந்தக் கரைக்கு வேறு சாவு வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்ததில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று 60, 70 பேர் செத்தார்கள். இரு தரப்புச் சூட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்றது ராணுவம். படுகொலை என்றார்கள் தமிழர்கள். 1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் மூண்டதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தப் பக்கம் வந்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் நனைந்த துணியோடு சொன்ன கதைகளில் அந்தத் தீபாவளியும் இருந்தது. கரை எதைக் கண்ணால் பார்த்ததோ அதற்கு அழுதது. அந்த வருட மார்ச்சில்தான் அமைதிப்படையின் கடைசிப் படையணி திரிகோணமலையை விட்டுக் கிளம்பியிருந்தது. சென்னையில் வந்திறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அடுத்த வருடம் மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அதற்குப் பிறகு சிப்பாய்க்காக அழுவதும் அகதிக்காக அழுவதும் இரண்டுமே வம்பு என்று ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டார்கள். அதைப் போய் நன்றிகெட்டதனம் என்கிறீர்கள்.

நினைவுச்சின்னத்துக்கு என்னிடம் ஆர்வமில்லை. கொழும்பை ஒட்டி, இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகே அமைதிப்படைக்கு ஒன்று 2008 முதல் நிற்கிறது. 1989-இல் படையை வெளியேறச் சொன்ன நாடு கட்டியது. டெல்லிப் போர் நினைவிடத்திலும் பெயர்கள் உண்டு. அக்னி தீர்த்தத்தில் இன்னொரு கல்லை நட்டால் அதில் ஈரத்துணி காயப்போடுவார்கள்.

உங்களிடம் பேச வேண்டியது காகிதத்தைப் பற்றி. நீங்கள் சேரத்தான் போகிறீர்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும், பட்டாளத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் ஏற்றுவார்கள். மூன்றையும் ஒன்றாக்கிக்கொண்டு போங்கள். ஒரு எழுத்து மாறியதற்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிற தாய்மார்கள் உண்டு. நான்கு வருட அக்னிவீரராகச் சேர்ந்தால் 48 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு, வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கிடையாது என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். நாமினி படிவத்தில் பங்கு எவ்வளவு, யாருக்கு என்று நீங்களே எழுதுங்கள். பின்னால் நிரந்தரமாகி, கல்யாணமும் ஆனால், அது பார்ட் டூ ஆர்டரில், அதாவது சிப்பாயின் சொந்த விவரங்களைப் பட்டாளம் பதியும் உத்தரவில், வர வேண்டும். வராவிட்டால் ரெக்கார்ட் ஆபீசுக்கு நீங்கள் கல்யாணம் ஆகாத பையன். மாமியாரும் மருமகளும் கோர்ட்டில் நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு வரி விட்டுப்போனதால்தான். ஏற்றியாகிவிட்டது என்று கிளார்க் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பிரதியை வாங்கி, மனைவி பெயரை எழுத்து எழுத்தாக நீங்களே வாசித்துப் பாருங்கள்.